இரண்டு டிஸ்க்கும் ஒரு டி டிரைவும்

போன மாதம் எங்கள் கடையை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். விருதுநகர் பஜாரில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில்தான் என் வேலைக்காலம் கழிந்தது. நான் ஓய்வு பெற்றுவிட்டவன், கடைக்கு எப்போதாவது வந்துபோகிறவன். ஆனாலும் பழைய சாமான்களில் எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று சொல்வதற்காக சமீமா என்னைக் கூப்பிட்டிருந்தார். சமீமா எங்கள் முதலாளி ஹனீபா பாயின் மகள். பாய் காலமான பிறகு கடையை அவர்தான் நடத்துகிறார்.

பழைய ஹார்ட் டிஸ்க்குகளைக் கேபினட்டுக்குள் இணைக்கிற அகலமான சாம்பல் நிற ஒயர்கள் ஒரு சாக்கு நிறையக் கிடந்தன. இப்போது அவை பொருந்துகிற கம்ப்யூட்டரே கிடையாது. மொத்தத்தையும் இரும்புக் கடைக்குப் போடச் சொன்னேன். அப்போது சமீமா, பாய் உட்காரும் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் இருந்த ஆணியைக் காட்டினார்.

“அண்ணே, இதுல எப்பவும் ஒரு ஒயர் தொங்குமே. அத்தா அத ஒருத்தரையும் தொட விட மாட்டாக. அவுகளுக்கப்புறம் நீங்களும் விடல. அது எங்க?”

“குடுத்துட்டேம்மா.”

“அத வாங்கிட்டுப் போயி ஆரு என்ன செய்யப் போறாக?”

லாரி வந்து நின்றுவிட்டது. நின்று பேச நேரமில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கடையில் இப்போது வேலை பார்க்கிறவர்களும் படிக்கட்டும். அவர்களுக்கு இடம் தீர்ந்துவிட்டால் மாதச் சந்தாவில் எங்கேயோ இருக்கிற கிடங்கில் இடம் கிடைக்கிறது. எங்களுக்கு அது வீட்டுக்குள்ளேயே, மேசைக்கு அடியில் இருந்த ஒரு தகரப் பெட்டிக்குள் தீர்க்க வேண்டிய பிரச்சினையாக இருந்தது.

எனக்கு ஊர் மல்லாங்கிணறு. மழை இருந்தால் விவசாயம், இல்லாவிட்டால் ரேடியோ ரிப்பேர். ரேடியோவிலிருந்து டிவிக்கு வந்து, டிவியிலிருந்து மதுரையில் ஒரு ஹார்டுவேர் கோர்ஸ் படித்து, சான்றிதழோடு பாயிடம் வந்து நின்றேன். பாய் சான்றிதழைப் பார்க்கவில்லை. “செருப்ப எங்க கழட்டிப் போட்ட?” என்றுதான் முதலில் கேட்டார். வாசலில் என்றேன். சேர்த்துக்கொண்டார்.

பாயின் குடும்பம் தலைமுறையாக மிளகாய் வத்தல் மண்டி நடத்தியது. அவர் ஒருவர்தான் மண்டியை விட்டுவிட்டு கம்ப்யூட்டருக்கு வந்தவர். ஆனால் அடுத்தவர் சரக்கைப் பதனமாகக் கையாளும் மண்டிப் பழக்கம் அவரை விடவில்லை. ஒரு வீட்டுக்குச் சென்றால் முதலில் வீட்டு அம்மாவிடம், “கரண்ட நிறுத்தலாமாம்மா? அடுப்படியில மிக்ஸி எதுவும் ஓடுதா?” என்று கேட்பார். பழைய வேட்டி ஒன்றை வாங்கித் தரையில் விரித்து அதன் மேல்தான் கேபினட்டைச் சாய்ப்பார். கழற்றும் ஸ்க்ரூக்களைக் காலித் தீப்பெட்டியில் போடுவார். ஒரு டிஸ்க்குக்கு ஒரு தீப்பெட்டி. எங்கள் ஊர்ப் பக்கம் தீப்பெட்டிக்கு என்ன பஞ்சம்? உள்ளே கை வைப்பதற்கு முன் வெறுந்தகரத்தை ஒரு முறை தொட்டு, உடம்பில் இருக்கிற நிலைமின்சாரத்தை இறக்கிக்கொள்வார். அவசரத்தில் நான் அதை மறந்தால் மணிக்கட்டைப் பிடித்துத் தகரத்தில் வைப்பார். திட்ட மாட்டார். திட்டினால்கூடத் தேவலை என்று இருக்கும்.

அதன் பிறகு ஒரு கேள்வி கேட்பார். “வேற எங்கயும் இல்லாதது இதுக்குள்ள என்ன இருக்கு?”

பெரும்பாலான வீடுகளில் பதில் தெரியாது. விழிப்பார்கள். பதில் வரும்வரை பாய் திருப்புளியைத் தொட மாட்டார். கல்யாணப் போட்டோ, பிள்ளையின் பிராஜெக்ட் என்று யோசித்து யோசித்துச் சொல்வார்கள். சொன்னவற்றை முதலில் சிடியில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

இன்னொரு விதியும் உண்டு. இடம் பத்தாமல் எதையாவது அழிக்க வேண்டியிருந்தால் அழிக்கிற பட்டனை நாங்கள் அழுத்தக் கூடாது. வீட்டுக்காரர்தான் அழுத்த வேண்டும். செத்துப்போன டிஸ்க்கைக் கழிக்கும்போது, யாரும் எடுத்துப் படிக்காமல் இருக்கத் துளை போடுவோம். அந்தத் துளைபோடும் மெஷினின் விசையையும் உடைமைக்காரர் கையில்தான் கொடுப்போம். “நாம வேலைக்கு வந்தவுக. அழிக்கிறது அவுக உரிமை” என்பார் பாய். நான் அப்போது இதை வெறும் மரியாதை என்று நினைத்திருந்தேன்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் இடம் என்பது விருதுநகரில் தண்ணீர் மாதிரி, எப்போது கேட்டாலும் பத்தாது. ஒரே டிஸ்க்கை சி, டி, ஈ என்று பிரித்துத் தருவோம். கம்ப்யூட்டர் இயங்குவதற்கானது மட்டும் சி-யில் இருக்க வேண்டும், உங்கள் சாமான் எல்லாம் டி-க்கு, ஈ-க்குப் போக வேண்டும் என்று தலையில் அடித்துச் சொல்வேன். தலையாட்டுவார்கள். அடுத்த முறை சென்றால் பாட்டு, படம், பேரப்பிள்ளை போட்டோ எல்லாம் திரையில் அப்படியே பரவிக் கிடக்கும். திரையில் கிடப்பதெல்லாம் சி-யில்தான் கிடக்கிறது என்று யாருக்கும் புரிய வைக்க முடியவில்லை. எனக்குக் கோபம் வரும். பாய் சிரித்துக்கொண்டே, “அண்ணாச்சி, வத்தலையும் மல்லியையும் ஒரே சாக்குலயா போடுவீக?” என்பார். வியாபாரிகளுக்கு அது உடனே விளங்கும்.

இன்னொரு வழக்கமும் அந்த வீடுகளில் இருந்தது. டிரைவுகளை ஆள் வாரியாகப் பிரித்துக் கேட்பார்கள். டி அப்பாவுக்கு, ஈ பெரியவனுக்கு, எஃப் சின்னவனுக்கு. அந்தந்தப் பெயரையே டிரைவுக்கு வைக்கச் சொல்வார்கள். வீட்டுப் பெண்பிள்ளைக்கு என்று தனி டிரைவ் கேட்ட வீடு ஒன்றுகூட எனக்கு நினைவில் இல்லை. அவள் சாமான் அப்பா டிரைவிலோ அண்ணன் டிரைவிலோ ஒரு ஓரத்தில் இருக்கும். நானாகவே ஒரு வீட்டில் கேட்டதற்கு, “அவ கட்டிக்கிட்டுப் போற பிள்ளதான, அவளுக்கு எதுக்குத் தனியா?” என்றார் தகப்பனார். கம்ப்யூட்டர் வந்து கொஞ்ச வருடம்தான் ஆகியிருந்தது. அதற்குள் சொத்து பிரிக்கிற முறை அதற்குள்ளும் ஏறிவிட்டது.

இனி அந்த ஒயர் விஷயத்துக்கு வருகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுதலாமா என்று சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

திருத்தங்கலில் சங்கரலிங்கம் அண்ணாச்சி என்று ஒருவர். வெம்பக்கோட்டைப் பக்கம் சின்னதாக ஒரு பட்டாசு யூனிட், ஊருக்குள் ஒரு விற்பனைக் கடை. மரங்கொத்தி மார்க். மூத்த மகன் ராஜேந்திரன் யூனிட்டைப் பார்த்தார். இளையவர் பாலு கடையைப் பார்த்தார். கடைக்குட்டி கற்பகம். கட்டிக்கொடுத்த இடம் சரியில்லாமல் மகளோடு பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவர். வந்த இடத்தில் சும்மா இருக்காமல், வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே லேபிள் வரையக் கற்றுக்கொண்டார். புஸ்வாணம், சக்கரம், வெடிப் பெட்டிகளின் மேல் ஒட்டுகிற படங்கள். வீட்டு மார்க்குக்கு வரைந்தது போக, வெளியே பிரஸ்களிலிருந்தும் ஆர்டர் வரத் தொடங்கியது.

மற்ற ஊர்களில் பாட்டும் படமும்தான் டிஸ்க்கை நிரப்பும். எங்கள் பக்கம் லேபிளும் சேர்ந்துகொள்ளும். அச்சுக்கு வேண்டிய தெளிவோடு ஒரு மரங்கொத்தியை வைத்தால் நூறு பாட்டுக்கு ஆகிற இடத்தை அது ஒன்றே பிடித்துக்கொள்ளும். கற்பகத்துக்கு எப்போதும் இடம் பத்தாது. முதலில் பாலு ஒரு பெரிய டிஸ்க் வாங்கிப் போட்டார். அது நிறைந்த பிறகு ராஜேந்திரன் இன்னொன்று வாங்கி வந்தார். அதை இணைக்க நானும் பாயும் சென்றோம். தனியாக ஈ என்று காட்டும்படி வைக்கத்தான் இருந்தோம். சங்கரலிங்கம் அண்ணாச்சி வேண்டாம் என்றார்.

“ரெண்டையும் சேத்து ஒண்ணாக் காட்டுற மாதிரி செய்ய முடியும்னு சொன்னாகளே பாய்?”

“முடியும் அண்ணாச்சி. ஆனா ஒண்ணு போச்சுன்னா ரெண்டும் போயிரும். ஒண்ணுல்லாம இன்னொண்ணு திறக்காது.”

“அதுதான் எனக்கு வேணும். ஆளுக்கொண்ணா நின்னா நாளைக்கு இது என்னுது, அது உன்னுதும்பானுக. ஒண்ணாவே கெடக்கட்டும்.”

பாய் இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். அவர் கேட்கவில்லை. சிடியில் அவ்வப்போது எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று கற்பகத்திடம் சொல்லிவிட்டு, இரண்டையும் இணைத்து ஒரே டி டிரைவாக ஆக்கிக்கொடுத்தோம். கம்ப்யூட்டர் இயங்குவதற்கான சின்ன டிஸ்க் தனியாக சி-யாக இருந்தது. திரையில் டி என்று ஒன்றுதான் தெரியும். அதற்கு அடியில் இரண்டு டிஸ்க் இருப்பது வீட்டில் இருப்பவர்களுக்கே மறந்துபோகும்.

பிறகு அண்ணாச்சி படுக்கையில் விழுந்தார். சீசன் நேரம். தீபாவளிக்கு முன்னால் பட்டாசு யூனிட் வைத்திருப்பவருக்கு வீடு ஏது? ராஜேந்திரன் வெம்பக்கோட்டையை விட்டு வரவே முடியவில்லை. அண்ணாச்சி மூன்று பிள்ளைகளுக்கும் தனித்தனியாகப் பேசி வைக்க வேண்டும் என்று சொல்ல, பாலுவின் சின்ன டிஜிட்டல் கேமராவில் கற்பகம் அதை வீடியோ பிடித்தார். பாலு, கற்பகம், ராஜேந்திரன் என்று ஆங்கிலத்தில் பெயரிட்டு டி-யில் போட்டு வைத்தார். சீசன் முடிந்து சில நாட்களில் அண்ணாச்சி போய்விட்டார்.

வருடம் திரும்புவதற்குள் பாகப்பிரிவினை வந்தது. யூனிட் மூத்தவருக்கு, வீடும் கடையும் இளையவருக்கு. மரங்கொத்தி மார்க் யாருக்கு என்பது மட்டும் முடிவாகாமல் இழுத்துக்கொண்டிருந்தது. கற்பகத்துக்கு என்ன என்று பெரியவர்கள் யோசித்து, அவர் வேலை செய்கிற கம்ப்யூட்டரை மேசையோடு அவருக்கே கொடுக்கச் சொன்னார்கள். பெருந்தன்மையாகத்தான் சொன்னார்கள். அப்போது யாரோ, உள்ளே இருக்கிற இரண்டு டிஸ்க் அண்ணனும் தம்பியும் வாங்கியது என்று நினைவுபடுத்தினார்கள். வாங்கியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாகிவிட்டது. உன் வேலை எல்லாம் கம்ப்யூட்டரில்தானே இருக்கிறது என்று கேட்டதற்குக் கற்பகம் ஆமாம் என்றிருக்கிறார். பீரோவைக் கொடுத்துவிட்டு உள்ளே இருந்த காலித் தட்டுகளை எடுத்துக்கொள்வது போலத்தான் எல்லோரும் நினைத்தார்கள். அண்ணன் ஒன்றையும் தம்பி ஒன்றையும் கையாலேயே கழற்றிக்கொண்டு சென்றார்கள். மூத்தவர் தன்னுடையதை பைக் பெட்டியில் போட்டுக்கொண்டு வெம்பக்கோட்டைக்குச் சென்றார்.

கற்பகம் மறுநாள் கடைக்குப் போன் செய்தார். “அண்ணே, டி-யக் காணோம்.”

நான் போய்ப் பார்த்தேன். இரண்டு இடம் காலி. அகல ஒயர் அநாதையாகத் தொங்கியது. இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் திறக்கும், ஒன்றை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்று விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னார்.

“இந்த சீசன் லேபிள் அம்புட்டும் அதுல இருக்குண்ணே. ஆவணி பொறந்தா பிரஸ்ல ஏத்தணும். குடுக்கலைன்னா வேற ஆள்ட்ட போயிருவாக. அப்புறம் ஆரு என்கிட்ட வருவா?”

சிடியில் எழுதி வைக்கவில்லையா என்று கேட்டேன். பழையது இருக்கிறது என்றார். அப்பா படுத்த பிறகு எழுதவில்லை.

பாய் தானே கிளம்பினார். இரண்டு வீட்டுக்கும் நானும் கூடப் போனேன். பாலு தன் டிஸ்க்கைத் தன்னுடைய புதுக் கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறார். அது ஒன்றையும் காட்டவில்லை. ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். நல்ல காலம், சோம்பல்பட்டு விட்டு வைத்திருந்தார். ராஜேந்திரனுடையது பைக் பெட்டியில் ஸ்பேனர்களோடு அப்படியே கிடந்தது. இருவருக்கும் தர மறுப்பு இல்லை. ஆனால் இருவருக்கும் ஒரே பயம். டிஸ்க்குகள் சேர்ந்து திறந்தால் மரங்கொத்தி லேபிளை மற்றவர் காப்பி எடுத்துக்கொண்டு மார்க்கைத் தனதாக்கிவிடுவார் என்று. தங்கைக்காகக் கொடுக்கலாம், தம்பிக்காகக் கொடுக்க முடியாது என்றார் ராஜேந்திரன். பாலுவும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். இடையில் கற்பகத்தின் பிழைப்பு மாட்டிக்கொண்டது யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

பாய் டிஸ்க்கைக் கொடுங்கள் என்று கேட்கவே இல்லை. “அண்ணாச்சி, நீங்க ஆருட்டயும் குடுக்க வேண்டாம். உங்க டிஸ்க்க உங்க கையிலயே புடிச்சுக்கிட்டு எங்க கடைக்கு வாங்க. உங்க கண்ணு முன்னால திறப்போம். தங்கச்சி வேலைய மட்டும் எடுப்போம். முடிஞ்சதும் உங்க கையிலயே திருப்பித் தந்துருவேன்” என்றார். இப்படிச் சொன்னபோது இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

அன்று கடையை மற்றவர்களுக்கு அடைத்துவிட்டார் பாய். கற்பகத்தின் கேபினட்டை ஆட்டோவில் கொண்டுவந்தோம். அண்ணனும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமல். அந்த மாதிரிக் கம்ப்யூட்டரில் நான்கு கருவிகளுக்குத்தான் இணைப்பு உண்டு. சி டிஸ்க் ஒன்று, இவர்கள் டிஸ்க் இரண்டு, சிடி டிரைவ் ஒன்று. சிடி டிரைவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பாய் புதிதாக ஒரு டிஸ்க்கை மாட்டினார். அதை முதலில் தயார் செய்தோம். பெயர் கேட்கும் இடம் வந்தது.

“என்ன பேரும்மா போடணும்?” என்றார் பாய்.

கற்பகம் அண்ணன்களைப் பார்த்தார். “என் பேரே போடுங்க” என்றார்.

என் கையால் ஒரு பெண்ணின் பெயரை டிரைவுக்குத் தட்டியது அதுதான் முதல் தடவை.

அண்ணன் தம்பி டிஸ்க்குகளை மாட்டிப் போட்டோம். டி வந்துவிட்டது. எல்லாம் அப்படியே இருந்தன. கற்பகத்தின் முகத்தில் அன்றுதான் உயிர் வந்ததைப் பார்த்தேன். அதே நேரம் உள்ளே இருந்து டக், டக் என்று ஒரு சத்தம். பாய் பட்டென்று கரண்டை நிறுத்தினார். ராஜேந்திரனின் டிஸ்க்கின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, “அடி பட்டிருக்கு” என்றார்.

அந்த நாட்களில் இப்படி ஆனால் ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டிக்குள் வைத்து எடுத்தால் ஓடும் என்று சொல்வார்கள். பாய் அதை ஒத்துக்கொள்ளவே மாட்டார். வேர்த்துக் கிடக்கிற ஊரில் குளிரிலிருந்து எடுத்தால் உள்ளே ஈரம் கட்டும் என்பார். ஒரு சின்ன மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு மூவரையும் பார்த்துப் பேசினார்.

“திரும்பப் போட்டா எம்புட்டு நேரம் ஓடும்னு தெரியாது. பழசெல்லாம் தங்கச்சி எழுதி வச்ச சிடியில இருக்கு, அதுக்குப் பயமில்ல. போன வருசத்துலருந்து சேந்த சாமான்தான் இதுல இருக்கு. எத முதல்ல எடுக்கட்டும்?”

“அப்பா பேசினத” என்றார் பாலு.

“ஆமா பாய், அப்பாதான். நான் இன்னும் பாக்கவே இல்ல” என்றார் ராஜேந்திரன். அன்று அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

“லேபிள எடுங்க” என்றார் கற்பகம்.

ராஜேந்திரன் எழுந்துவிட்டார். “என்ன பிள்ள பேசுற? லேபிள இன்னொரு தடவ வரையலாம். அப்பாவ வரைய முடியுமா?”

“இந்த சீசனுக்குள்ள வரைய முடியாதுண்ணே. அப்பா உசுரோட இருந்தப்ப நீ வா வான்னு கெடந்தாக, நீ வரல. இப்ப நானும் என் மகளும் சாப்பிடுறத விட்டுட்டு அப்பாவ எடுக்கச் சொல்ற. நீங்க ரெண்டு பேரும் பிரிச்சதுல எனக்கு வந்தது இந்தத் தகரப் பெட்டி. அதுக்குள்ள இருந்தது என் வேலை. அதையாவது எனக்குக் குடுங்க.”

அவர் அழவில்லை. எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

பாய் மின்விசிறியை இன்னும் சற்று நெருக்கி வைத்தார். பிறகு மூத்தவரிடம், “அண்ணாச்சி, வேலை தங்கச்சியோடது. டிஸ்க் உங்களோடது. நீங்க வேண்டாம்னா இப்பவே கழட்டிக் கையில தந்துடுறேன். சரின்னா லேபிளத்தான் முதல்ல எடுப்பேன்” என்றார்.

ராஜேந்திரன் நின்றுகொண்டே இருந்தார். அவர் மறுத்திருக்கலாம். எடுத்துக்கொண்டு போயிருந்தால் கேட்க யாரும் இல்லை. பிறகு உட்கார்ந்து, “எடுங்க” என்றார். அந்த ஒரு சொல்லுக்காக இன்றும் அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

லேபிள்களை எடுத்தோம். டக் டக் என்ற சத்தத்தோடு, நின்று நின்று, ஒவ்வொன்றாக வந்தன. கடைசி லேபிள் வந்து சேர்ந்ததும் கற்பகம் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்து அண்ணாச்சியின் பேச்சு. கம்ப்யூட்டர் ஆங்கில எழுத்து வரிசையில்தான் எடுக்கும். பாலுவுக்குப் பேசியது வந்தது. கற்பகத்துக்குப் பேசியது வந்தது. ராஜேந்திரனுடையது பாதி வந்துகொண்டிருந்தபோது உள்ளே கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது, டி டிரைவ் திரையிலிருந்து மறைந்துவிட்டது. பாதியில் நின்ற கோப்பு திறக்கவில்லை.

தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தோம். போதும் என்று பாய்தான் நிறுத்தினார். டிஸ்க்கை ஒரு சுத்தமான துணியில் சுற்றி, சொன்னபடியே ராஜேந்திரனின் கையில் கொடுத்தார். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பைக் பெட்டியைத் திறக்கவில்லை. துணிப் பொட்டலத்தைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு, ஒரு கையால் வண்டியை ஓட்டிக்கொண்டு சென்றார்.

கற்பகத்தின் லேபிள்கள் நேரத்துக்கு அச்சேறின. அவர் பிழைத்துக்கொண்டார். பிறகு திருத்தங்கலிலேயே தனியாக வீடு எடுத்தார், மகளைப் படிக்க வைத்தார். மரங்கொத்தி மார்க் அண்ணன் தம்பி இருவருக்கும் பொது என்று பின்னால் ஒப்பந்தமானது. லேபிள் வேண்டுமென்றால் இருவரும் கற்பகத்திடம்தான் வர வேண்டியிருந்தது.

ராஜேந்திரன் அந்த டிஸ்க்கைச் சென்னைக்கு அனுப்பிப் பார்த்தார். உள்ளே தட்டு சுரண்டிப்போயிருக்கிறது, முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் தீபாவளி சீசன் முடிந்ததும் அதே துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு எங்கள் கடைக்கு வருவார். “புதுசா ஏதும் வழி வந்திருக்கா பாய்?” என்பார். நான் அந்த அகல ஒயரில் மாட்டிப் பார்ப்பேன். சத்தம்கூட வராது. சத்தம் வந்தால்தானே பாலுவின் டிஸ்க்கைக் கேட்டு வாங்க வேண்டும். “இன்னும் வரல அண்ணாச்சி, பாப்போம்” என்பார் பாய். டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவார். மற்ற ஒயர்கள் வழக்கொழிந்தபோதும் அந்த ஒன்றை ஆணியில் மாட்டி வைத்தது அதற்காகத்தான். பாய் போன பிறகு நான் அதே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு முறை நான் ராஜேந்திரனிடம், கற்பகம்தானே கேமரா பிடித்தது, அப்பா என்ன பேசினார் என்று தங்கையிடமே கேட்கலாமே என்றேன். “கேட்டேன். ‘உன்னைய நெனச்சு எனக்குச் சந்தோசம்தான்னு சொன்னாக’ன்னு சொல்றா. அவ நல்லததான் சொல்லுவா. எனக்கு அப்பா வாயால கேக்கணும்” என்றார்.

இந்த வருடம் சீசன் முடிந்து அவர் வரவில்லை. காலமாகிவிட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. கடை மாறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், நான் கடையில் இருந்த ஒரு நாள், கற்பகம் வந்தார். தலை நரைத்திருந்தது. அந்தத் துணிப் பொட்டலத்தை மேசையில் வைத்தார்.

“பெரியண்ணன் வீட்டுல குடுத்தாக. உனக்குத்தான் இது தெரியும்னு.”

கழித்துவிடலாமா, துளை போடலாமா என்று கேட்டேன். அவர் துணியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு தானாகவே பேசினார்.

“அண்ணே, அப்பா இதுல அண்ணன வாழ்த்தல. ‘சீசன் முடிஞ்சு வந்து கொள்ளி வச்சாப் போதும்னு சொல்லு அவன்ட்ட. அதுக்காவது நேரம் இருக்கான்னு கேளு’ன்னு, அப்படித்தான் பேசுனாக. அன்னைக்கே அழிச்சிருக்கணும். எத்தனையோ தடவ பட்டன்ல விரல வச்சேன். அப்பா பேசுனத அழிக்க கை வரல.”

நான் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன். “அன்னைக்கு லேபிள முதல்ல எடுக்கச் சொன்னது அதுக்காகவா?”

“இல்லண்ணே. அன்னைக்கு என் கண்ணுல லேபிள்தான் நின்னுச்சு. வீட்டுக்கு வந்தப்புறம்தான், அண்ணனோடது போனதும் நல்லதுக்குத்தான்னு தோணுச்சு. அப்படித் தோணுனதுக்காக உக்காந்து அழுதேன். அதுலருந்து வருசா வருசம் அண்ணன் இங்கன வந்துட்டு வீட்டுக்கு வருவாக. வாசல்லயே நிப்பேன். ‘இன்னும் வழி வரலயாம்’பாக. அன்னைக்குத்தான் எனக்கு மூச்சு வரும்.”

ராஜேந்திரன் ஒவ்வொரு வருடமும் திறக்க வேண்டும் என்று வந்தார். இவர் ஒவ்வொரு வருடமும் திறக்கக் கூடாது என்று காத்திருந்தார். இருவருக்கும் நடுவில் அந்த ஒயரை மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தவன் நான். ஒன்றுமே தெரியாமல் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

துளைபோடும் மெஷினை எடுத்து வைத்தேன். விசை அவர் கைப்பக்கம் இருக்கும்படி திருப்பியும் வைத்தேன். பாய் இருந்தால் அப்படித்தான் செய்திருப்பார். கற்பகம் அதைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பொட்டலத்தை மறுபடியும் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். எழுந்தவர் என் தலைக்குப் பின்னால் சுவரைப் பார்த்தார்.

“அந்த ஒயரக் குடுங்கண்ணே.”

“இது இனி எதுக்கும்மா?”

“என்னைக்காச்சும் வழி வரட்டும். இனி திறந்தா நோகுறதுக்கு ஆரும் இல்ல. அப்பா கொரலு அம்புட்டும் எனக்கு வேணும்.”

ஆணியிலிருந்து ஒயரை எடுத்து, தூசி தட்டிக் கொடுத்தேன்.